மென்மை மட்டும் போதுமா?
வீட்டில் நோயாளிக்கு ஏற்ற படுக்கை

நோயாளி ஒருவர் வீடு திரும்பும் நாளில் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள், மருந்துக்கும் உணவுக்கும் அடுத்தபடியாக வருவது படுக்கையைப் பற்றிய கேள்வியாகும். "அப்பாவுக்கு எந்த மெத்தை வாங்கலாம்? இலவம்பஞ்சு நல்லதா, நுரை மெத்தை நல்லதா? தண்ணீர் மெத்தை வாங்கச் சொல்கிறார்களே, அது அவசியந்தானா?" எனப் பலரும் வினவுகின்றனர். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற முதியவர், தண்டுவடக் காயத்தால் கால்களில் உணர்ச்சி இழந்தவர், நெடுநாள் நோயால் உடல் மெலிந்தவர் ஆகியோருக்குப் படுக்கை என்பது இரவுக்கு மட்டும் உரிய பொருளன்று. பகலும் இரவும் அவர்கள் வாழும் இடமே அதுதான்.

படுக்கை எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறியாமையால் வரும் துன்பமே படுக்கைப் புண். சில மணி நேர அழுத்தத்தில் தொடங்கும் அப்புண், ஆறுவதற்குச் சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும். அதன் வழியாகக் கிருமித்தொற்று எலும்பு வரையிலும் குருதி வரையிலும் பரவி உயிருக்கே ஊறு விளைவிப்பதும் உண்டு. ஆயினும், இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, பெருஞ்செலவின்றித் தடுக்க இயலும். அதற்கான வழிகளை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம்.

மெத்தைக்கு ஐந்து குணங்கள்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து சற்று வடக்கே உள்ள மாமல்லபுரத்துக்குச் செல்வோர், பள்ளிகொண்ட திருமாலை இருவேறு படுக்கைகளில் காணலாம். பல்லவர் காலத்து மகிடாசுரமர்த்தினி குகையின் சுவரில், பாம்பணை மீது அவர் துயில்கிறார். ஊரின் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயிலிலோ, பாம்பணை ஏதுமின்றி வெறுந்தரையில் சயனித்திருக்கிறார். புண்டரீக முனிவரின் பொருட்டு அவ்வாறு மண்ணில் கிடந்தார் என்பது தலபுராணச் செய்தி. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய அக்கோயிலின் பெயரே அந்தத் தரைப் படுக்கையைக் குறிப்பதாகும்.

ஆண்டாளின் திருப்பாவையில் பஞ்ச சயனம் என்னும் சொல் வருகிறது. உரையாசிரியர்கள் அதற்கு அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை ஆகிய ஐந்து குணங்களும் பொருந்திய படுக்கை என்று விளக்கம் கூறுவர். இப்பட்டியல் மருத்துவ நோக்கிலும் பொருத்தமானது என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று மட்டுமே மென்மை. குளிர்ச்சி என்பது வியர்வையும் வெப்பமும் தோலில் தங்காமை. நறுமணம் என்பது ஈரமும் பூஞ்சையும் ஏறாமை. வெண்மை என்பது கறை படிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும் தூய்மை. அழகு என்பது சுருக்கமும் மடிப்புமின்றி விரிப்பு சீராக விரிந்திருத்தல். இவ்வைந்தும் சேர்ந்திருந்தால்தான் நோயாளியின் படுக்கை முழுமை பெறும்.

உடலும் மெத்தையும் சந்திக்கும் இடம்

நலமுடன் உள்ளவர் உறங்கும்போது ஒரே நிலையில் கிடப்பதில்லை. ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால், உறக்கம் கலையாமலேயே உடல் புரண்டுகொள்கிறது. புரள இயலாதவருக்கும், வலியை உணராதவருக்கும் இந்தக் காவல் இல்லை.

தோலுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்லும் நுண்குழாய்களில் குருதியின் அழுத்தம் மிகக் குறைவு. சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்னும் அளவு மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. மேற்கையில் பட்டை கட்டி நாம் அளக்கும் 120 என்னும் அளவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். உடலின் எடை ஒரு சிறு பரப்பில் குவியும்போது அந்நுண்குழாய்கள் எளிதில் நசுங்குகின்றன. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அகப்பட்ட தசையும் தோலும் குருதியின்றி வாடத் தொடங்குகின்றன. மல்லாந்து படுத்தவருக்குப் பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, புட்டத்துக்கு மேலுள்ள எலும்புப் பகுதி, குதிகால் ஆகியவையும், ஒருக்களித்துப் படுத்தவருக்குக் காது, தோள்முனை, இடுப்பின் பக்க எலும்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவையும் இவ்வாறு அழுந்தும் இடங்களாம்.

அழுத்தத்தோடு வேறு இரு தீங்குகளும் சேர்கின்றன. ஒன்று இழுவிசை. தலைப்பக்கம் மிக உயர்த்தப்பட்ட படுக்கையில் நோயாளி மெல்லச் சரியும்போது, தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு கீழ்நோக்கி நகர்கிறது. இடையிலுள்ள குருதிக் குழாய்கள் முறுக்கி இழுபடுகின்றன. மற்றொன்று ஈரம். வியர்வையிலும் சிறுநீரிலும் ஊறிய தோல், சிறு உராய்விலும் உரிந்துவிடும்.

எனவே, ஒரு படுக்கையின் வேலை உடலின் எடையை இயன்றவரை அகன்ற பரப்பில் பகிர்ந்து தாங்குவதாகும். மென்மை அதற்கு ஒரு வழி. அளவு கடந்த மென்மையோ அந்த வேலையைக் கெடுத்துவிடும். எடை வைத்தவுடன் முழுவதும் அமுங்கி அடிப்பலகையில் முட்டும் மெத்தை, பார்வைக்கு மெத்தையாக இருப்பினும் எலும்புக்குப் பலகையே ஆகும்.

உள்ளங்கைச் சோதனை

மெத்தை தாங்குகிறதா, அமுங்கிவிட்டதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டா. நோயாளி படுத்திருக்கும்போது, உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு, அவரது இடுப்பின் நேர்கீழே மெத்தைக்கு அடியில் கையைச் செருகுங்கள். கைக்கும் அவர் உடலுக்கும் இடையே அமுங்காத மெத்தை குறைந்தது ஓர் அங்குலமாவது, அதாவது 2.5 செ.மீ. அளவாவது இருக்க வேண்டும். எலும்பின் முனை கையில் தட்டுப்பட்டால், அம்மெத்தை அவருக்குப் போதாது. குதிகாலின் கீழும் தோள்பட்டையின் கீழும் இதே சோதனையைச் செய்யலாம். புதிய மெத்தைக்கு வாங்கிய அன்றும், பழைய மெத்தைக்கு மாதம் ஒரு முறையும் செய்வது நலம். மெத்தைமேல் இடும் காற்று மெத்தைக்கும் இச்சோதனை பொருந்தும்.

நம் வீடுகளில் உள்ள படுக்கைகள்

கோரைப்பாய் குளிர்ச்சி தருவது. எளிதில் சுருட்டி வெயிலில் உலர்த்தத் தக்கது. தானே புரண்டு படுக்க வல்லவருக்கு அதில் குறையொன்றுமில்லை. ஆயினும் புரள இயலாதவரைப் பாயில் கிடத்துவது ஆகாது. தரையிலிருந்து அவரைத் தூக்குவதும் துடைப்பதும் கவனிப்பவரின் முதுகுக்குத் தீங்காகும்.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் காற்றோட்டம் மிக்கவை. காலப்போக்கில் அவை நடுவில் தொய்ந்து தூளி போலாகிவிடும். தொய்ந்த கட்டிலில் இடுப்பு கீழே இறங்கிவிடுவதால், நோயாளி தாமே எழுவதும் திரும்புவதும் கடினமாகும். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை பெற்றவர் இத்தகைய கட்டிலை அறவே தவிர்க்க வேண்டும். வேறு கட்டில் இல்லையெனில், கயிற்றை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஒட்டுப்பலகை ஒன்றைப் பரப்பி, பின்பு மெத்தையை இடலாம்.

இலவம்பஞ்சு மெத்தை நம் மக்களுக்கு நெடுங்காலத் துணை. இலவங்காய் வெடித்து வரும் அந்த இழைகள் உள்ளே பொள்ளலானவை. மேலே மெழுகு போன்ற பூச்சுடையவை. அதனாலேயே அவை நீரில் எளிதில் நனையாமல் மிதக்கின்றன. முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இப்பஞ்சை அடைத்தமைக்கும் இதுவே காரணம். உடல் வெப்பத்தைத் தேக்காத நல்ல பஞ்சு இது. இதன் குறை, நாளடைவில் இழைகள் நசுங்கி இறுகிவிடுவதே. இடுப்பு அழுந்தும் இடத்தில் பள்ளமும், அதன் ஓரத்தில் மேடும் உண்டாகும். எனவே வாரந்தோறும் மெத்தையைத் திருப்பிப் போட்டு, வெயிலில் காயவைத்துத் தட்டிவிட வேண்டும். பஞ்சு கட்டிகட்டியானால், உறையைப் பிரித்து, பஞ்சைக் கொட்டிப் பதப்படுத்தி மீண்டும் அடைத்துத் தைப்போரிடம் கொடுக்கலாம். பருத்திப் பஞ்சு மெத்தை இலவம்பஞ்சைவிடக் கனமானது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆதலால், சிறுநீர் கட்டுப்படாத நோயாளிக்கு அது பொருந்தாது.

தென்னைநாரில் ரப்பர் பால் சேர்த்துச் செய்யப்படும் மெத்தை உறுதியானது, காற்றோட்டமுள்ளது. புரள வல்லவர்க்கு ஏற்றது. மெலிந்த உடலினருக்கு அதன்மேல் ஒரு நுரை அடுக்கு தேவைப்படும். நுரை மெத்தைகளில் விலை குறைந்த மெல்லிய வகைகள் சில மாதங்களில் தம் திறனை இழந்துவிடும். அடர்த்தி மிக்க தரமான நுரை மெத்தை, புரள இயலாத நோயாளிகள் பலருக்குப் போதுமானது. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவதைக் காட்டிலும், நோயாளியின் எடைக்கு ஒத்த ஒருவரை அதில் படுக்கச் செய்து உள்ளங்கைச் சோதனை செய்து வாங்குவதே முறை.

எந்த மெத்தையாயினும் கட்டிலின் உயரமும் முக்கியம். நோயாளி விளிம்பில் அமரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். அளவு மீறிய மென்மையுடைய மெத்தையின் விளிம்பு அமுங்கி அவர் சறுக்கி விழ நேரலாம். கட்டிலைச் சுவரோரம் ஒட்டிப் போடாமல், இருபுறமும் ஆள் நிற்க இடம் விடுவது புரட்டுவதற்கு உதவும்.

விரிப்பும் இழுதுணியும்

சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் வாணிக நிலையம் அமைத்ததற்கு முதற்காரணம் இப்பகுதியின் பருத்தித் துணியே. இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணிகள் கப்பலேறின. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோட்டையின் இடிந்த மதில்கள் அவ்வாணிகத்தின் எச்சமாகும். நோயாளியின் தோலுக்கும் மெல்லிய பருத்தியே இன்றளவும் சிறந்த விரிப்பு. பலமுறை துவைத்து நைந்த வேட்டியும் பருத்திப் புடவையும் புதிய விரிப்புகளைவிட மென்மையானவை. அவற்றைத் தூர எறியாதீர்கள்.

விரிப்பில் மடிப்பும், தையல் மேடும், பொத்தானும், உணவுத் துணுக்கும் இருத்தலாகாது. காலையும் மாலையும் கையால் தடவிச் சீர்செய்யுங்கள். ரப்பர் விரிப்பு தேவையான இடத்தில் மட்டும் இருக்கட்டும். அதன்மேல் பருத்தித் துணி கட்டாயம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து துணிகளை அடுக்கினால் மெத்தையின் நன்மை முழுதும் மறைந்துவிடும்.

பழைய வேட்டியொன்றை நீளவாக்கில் மடித்து, தோள் முதல் தொடை வரை அடியில் விரித்து வைப்பது இழுதுணியாகும். இருவர் இருபுறமும் நின்று அதன் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, நோயாளியை மேலே தூக்கி நகர்த்தலாம். அக்குளில் கை கொடுத்து இழுக்கும்போது தோல் உராய்கிறது. பக்கவாதம் வந்த தோளில் மூட்டே நழுவக்கூடும். இழுதுணி இவ்விரண்டையும் தவிர்க்கிறது.

தலையணைகளை எங்கே வைப்பது?

ஒரு தலையணை தலைக்கு என்றால், நோயாளியின் படுக்கையில் மேலும் மூன்று நான்கு வேண்டும். அனைத்தும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

மல்லாந்து படுத்திருக்கும்போது, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை கெண்டைக்கால் முழுவதும் தாங்குமாறு ஒரு தலையணையை நீளவாக்கில் வையுங்கள். குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளை அதனடியில் நுழைத்தால் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பது எளிய அளவுகோல்.

பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது, இடுப்பின் பக்க எலும்பின்மீது நேராகச் சாய்க்காமல், சுமார் 30 பாகை மட்டும் சாய்த்து, முதுகுக்குப் பின்னே தலையணை கொடுங்கள். இவ்வாறு செய்தால் எடை புட்டத்தின் சதைப்பகுதியில் இறங்கும். இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு தலையணை இருக்கட்டும். பக்கவாதம் வந்த கையை நெஞ்சுக்கு முன்னே மற்றொரு தலையணையில் தாங்கி வையுங்கள்.

தலைப்பக்கத்தைப் பொதுவாக 30 பாகைக்கு மேல் உயர்த்தாதிருப்பது நலம். உணவூட்டும் வேளையிலும் அதன்பின் சிறிது நேரமும் உயர்த்தியே ஆகவேண்டும். மூச்சுத்திணறல் உள்ளோர்க்கும் இதய நோயாளர்க்கும் மருத்துவர் கூறிய உயரமே சரி. அவர்களுக்கு முழங்காலைச் சற்று மடக்கித் தாங்கினால் கீழே சரிவது குறையும். இரவில் நெஞ்செரிச்சலால் வருந்துவோர், தலையணைகளை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் அசையாத மரக்கட்டைகளை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம்.

வளையம் போன்ற காற்றுத் தலையணையில் அமரவைப்பதும், தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கடியில் வைப்பதும் பழைய வழக்கங்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் குருதியோட்டத்தைத் தடுப்பதாலும், கையுறை எடையைப் பகிர்ந்து தாங்காததாலும் இவற்றைக் கைவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை.

புரட்டுதலுக்கு ஈடில்லை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியம் பற்றி எழுதிய சிறு நூலில் படுக்கைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். படுக்கைப் புண் தோன்றினால் அதன் பழி பெரும்பாலும் நோயினுடையதன்று, பராமரிப்பினுடையது என்பது அவர் கருத்து. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்ற போர்வீரர்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை அவர்களைப் புரட்டும்படி வற்புறுத்தினார். சில காலமே உயிர்வாழ்வர் என்று கைவிடப்பட்டவர்கள் எழுந்து விளையாட்டுப் போட்டிகளிலும் பங்குகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அங்கேதான் உள்ளது.

நம் மாநிலத்தில், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கே உள்நோயாளர்க்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உணர்விழந்த தோலைக் கண்ணாலும் கையாலும் காக்க வேண்டும் என்பது மறுவாழ்வு மருத்துவத்தின் முதற்பாடங்களுள் ஒன்று.

வீட்டில் நாம் செய்யத்தக்கது இதுவே. சாதாரண மெத்தையில் இரண்டு மணிக்கொரு முறை இடம், மல்லாந்த நிலை, வலம் என நிலையை மாற்றுங்கள். நல்ல நுரை மெத்தையில் இடைவெளியைக் கூட்டலாமா என்பதை மருத்துவரே கூற வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பதினைந்து நிமிடங்களுக்கு ஒரு முறை கைகளை ஊன்றி எழும்பவோ பக்கவாட்டில் சாயவோ வேண்டும். ஒரு தாளில் நேரத்தையும் நிலையையும் எழுதிச் சுவரில் ஒட்டி, புரட்டியவர் குறியிட்டுவரின், குடும்பத்தில் யார் பொறுப்பேற்றாலும் வரிசை தவறாது.

காற்று மெத்தையும் தண்ணீர் மெத்தையும்

படுக்கைப் புண்ணைத் தடுக்கும் பொருட்டு 1832-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னட் தண்ணீர் மெத்தையை உருவாக்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் தண்ணீர் மெத்தை அதன் வழித்தோன்றலே. அது கனமானது. போதிய அளவு நிரப்பாவிடில் எலும்பு தரையில் முட்டும். அளவு மீறி நிரப்பினால் கல்லாகிவிடும். அதில் படுத்தவர் தாமே திரும்புவதும் எளிதன்று.

அறையறையாகக் காற்று ஏறியிறங்கும் மெத்தை, அழுந்தும் இடங்களை மாறி மாறி விடுவிக்கிறது. அதனைச் சாதாரண மெத்தையின்மேல் விரித்து, ஒரே ஒரு மெல்லிய துணியால் மூட வேண்டும். நோயாளியின் எடைக்கேற்பக் காற்றின் அளவை அமைக்க வேண்டும். ஊக்கு, ஊசி, கத்தரி அருகே வரலாகாது. இம்மெத்தை இருப்பினும் புரட்டுதலை நிறுத்தலாகாது.

நம் கடற்கரையில் இதற்கு ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இத்தகைய இரவுகளில் மின்சாரம் நெடுநேரம் நிற்பது இயல்பு. மின்சாரம் நின்றால் காற்று மெத்தை மெல்ல இளைத்துவிடும். மேலே படுத்தவருக்கு அது தெரியாமலும் போகலாம். சில வகைகளில் குழாயின் முனையை மூடிக் காற்றைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க இயலும். வாங்கும்போதே அதனைக் கேட்டறியுங்கள். அடியில் எப்போதும் நல்ல நுரை மெத்தை ஒன்று இருக்கட்டும். மின்சாரம் நின்ற கணம் முதல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டும் முறைக்குத் திரும்பிவிடுங்கள்.

கடற்காற்றும் ஈரமும்

கடலோர வீடுகளில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிப்பதுண்டு. மெத்தையைத் தரையில் நேராகப் போடாமல், காற்றுப் புகும் சட்டத்தின்மேல் இடுங்கள். பஞ்சு மெத்தையை வெயில் காணும் நாளிலெல்லாம் உலர்த்துங்கள். நுரை மெத்தையைக் கடும் வெயிலில் நெடுநேரம் வைத்தால் சிதையும். நிழலில் காற்றாட விடுவதே அதற்கு உரியது. விரிப்புகளை மணலில்லாமல் உதறி, முற்றிலும் உலர்ந்த பின்னரே விரியுங்கள். காற்றில் பறந்து வந்து தங்கும் சிறு மணலும் மெலிந்த தோலுக்கு உரமான காகிதம் போன்றது.

நாள்தோறும் ஒரு பார்வை

குளிப்பாட்டும்போதோ உடல் துடைக்கும்போதோ, அழுந்தும் இடங்கள் அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் நிறம் திரும்பினால் குருதியோட்டம் உள்ளது. அழுத்தியும் வெளுக்காவிடில் அதுவே புண்ணின் முதற்படி. நம்மவரின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருத்தல், தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருத்தல், கன்றிக் கடினமாதல், அங்கே வலி தோன்றுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

அத்தகைய இடத்தைக் கண்டால் தேய்க்கவோ எண்ணெய் இட்டுப் பிடித்துவிடவோ வேண்டா. உள்ளே நைந்த திசு மேலும் கிழியும். அவ்விடத்தில் எடை விழாமல் நிலையை மாற்றி, எங்களுக்குத் தெரிவியுங்கள். கொப்புளம், தோல் உரிதல், நீர் வடிதல், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தோலை உள்ளிருந்து காப்பது உணவு. முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் ஆகியவற்றில் உள்ள புரதம் புண் வராமல் தடுக்கவும் வந்த புண் ஆறவும் இன்றியமையாதது. சிறுநீரக நோய் உள்ளவர்க்கு மட்டும் புரதத்தின் அளவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மென்மை ஆகாத இருவர்

படுக்கையின் மென்மை எல்லார்க்கும் ஒன்றன்று. கைக்குழந்தைக்கு மென்மையான மெத்தை தீங்கு. முகம் புதைந்தால் தலையைத் திருப்பும் வலிமை பச்சிளங்குழந்தைக்கு இல்லை. ஒரு வயது வரை குழந்தையைச் சமமான உறுதியான படுக்கையில் மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும். அதனருகே தலையணை, பஞ்சுப்பொதி, தடித்த போர்வை எதுவும் கூடா.

முதுகுவலி உள்ளோர் மரப்பலகையில் படுக்க வேண்டும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பேரிடம் நடத்தி, 2003-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், மிக உறுதியான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் 90 நாள் உறங்கியவர்களே அதிக நலம் கண்டனர். ஆகவே வெறும் பலகையும் வேண்டா, புதைமணல் போன்ற மெத்தையும் வேண்டா.

கவனிப்பவரின் உறக்கம்

இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுபவரும் மனிதரே. ஒருவரே எல்லா இரவும் விழித்தால் சில வாரங்களில் அவரும் நோயாளியாவார். முன்னிரவை ஒருவரும் பின்னிரவை ஒருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். புரட்டும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, கட்டிலை ஒட்டி நின்று, நோயாளியை உங்கள் பக்கம் நோக்கித் திருப்புங்கள். இரவில் பெருவிளக்கை ஏற்றாமல் சிறு விளக்கொளியில், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மெல்லச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். "அம்மா, இப்போது இடப்பக்கம் திருப்புகிறேன்" என்னும் ஒரு சொல், பேச்சிழந்தவருக்கும் அச்சம் நீக்கும். கொசுவலையும் காற்றோட்டமும் இருவர் உறக்கத்துக்கும் உரியவை.

வீடு திரும்பும் முன், உங்கள் கட்டிலின் உயரத்தையும், மெத்தையின் வகையையும் கனத்தையும் குறித்து வந்து எங்கள் செவிலியரிடம் காட்டுங்கள். இழுதுணியைப் பிடிக்கும் முறையையும், 30 பாகைச் சாய்வையும், உள்ளங்கைச் சோதனையையும் வார்டிலேயே உங்கள் கையால் ஒரு முறை செய்து பழகிச் செல்லுங்கள். புது மெத்தைக்குச் செலவிடும் முன் இவ்வொரு மணி நேரத்தைச் செலவிடுவீர்களாயின், வீட்டிலிருக்கும் மெத்தையே போதும் என்று பலருக்குத் தெரியவரும்.